திருவனந்தபுரத்தில் ஓர் இசைக்கலைஞரின் ஒலிப்பதிவுக் கூடம்: குமரி வில்லிசைக் குழு ஒன்றின் மதிப்பீடு

கோயில் கொடையில், அதாவது ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழாவில், பாடிய வில்லிசையை மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து நேரே எடுத்து யூடியூபில் ஏற்றிவிடுவதுதான் குமரி மாவட்டத்தில் இன்று பரவலாக உள்ள வழக்கம். அந்தப் பதிவுகளில், வில்லை அடித்துக் கதை பாடும் தலைமைக் கலைஞரான புலவரின் குரல் முழங்கும். வில்லின் மணியோசை காதைக் குத்தும். குடத்தின் அடியும் உடுக்கின் குழைவும் பெரும்பாலும் கேட்கவே கேட்காது. குடத்தின் ஓசை பந்தலின் முன்வரிசைக்குத் தானாகவே எட்டிவிடுவதால், மைக்செட்காரர் அதற்குத் தனி மைக் வைப்பதில்லை. வைத்தாலும் ஒலியைக் கூட்டுவதில்லை. பந்தலில் அமர்ந்து கேட்பவருக்கு இதனால் குறையொன்றும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அதே கதையை அதே குழுவின் குரலில் கேட்க விரும்புகிறவருக்கோ பாதி வில்லிசைதான் கிடைக்கிறது. கொட்டாரம் பகுதியைச் சேர்ந்த வில்லிசைக் கலைஞர் பூங்கனி 2018இல் மறைந்த பிறகு, மூத்தவர்களின் பாட்டு நல்ல தரத்தில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்ற பேச்சு எங்களிடையே அடிக்கடி எழுந்தது. அதன் தொடர்ச்சியாகவே, எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடையில் பாடப்படும் கதையின் ஒரு பகுதியை முறையான ஸ்டூடியோவில் பதிவு செய்வது என்று குழு முடிவெடுத்தது. அந்தப் பொறுப்பை ஏற்றவன் என்ற முறையில், நாங்கள் தேர்ந்தெடுத்த கூடத்தைப் பற்றிய மதிப்பீட்டை, அங்கே செல்ல நினைக்கும் பிற குழுக்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கூடம் திருவனந்தபுரத்தில், கரமனைக்கும் பாப்பனம்கோட்டுக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. உரிமையாளர் தாளக் கலைஞர். விளவங்கோடு வட்டத்திலிருந்து அந்நகருக்குச் சென்று, தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கேரளத்து மேடை இசை நிகழ்ச்சிகளான கானமேளாக்களிலும் நெடுங்காலம் வாசித்து, அந்த வருவாயில் இதைக் கட்டியவர். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது; தெரிந்தவர் வழியாக வருபவர்களின் வேலையை மட்டுமே எடுக்கிறார். தம் பெயரையும் கூடத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இரண்டையும் தவிர்க்கிறேன். நம் மாவட்டத்துத் தவில்காரர்களிடமோ, தேவாலயப் பாடகர் குழுத் தலைவர்களிடமோ விசாரித்தால் வழி கிடைத்துவிடும்.

சென்னைக்குப் போகாமல் இங்கே போனதற்குக் காரணம் தூரம்தான். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவர்கள் என்பதால், பெரிய மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் இன்றைக்கும் அந்த நகரத்தையே நம்பியிருக்கிறோம். ஒலிப்பதிவுக்கு மட்டும் ஏன் வடக்கே பார்க்க வேண்டும் என்று குடக்காரர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஸ்டூடியோக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்த்தவரையில் அவை கீபோர்டில் அமைத்த இசையின்மேல் ஒருவர் நின்று பாடும் கிறிஸ்தவப் பாடல்களுக்கும் விளம்பரக் குரல்களுக்கும் ஏற்ற சிறிய அறைகள். நீண்ட வில்லை விரித்து, அதைச் சுற்றி ஒரு குழுவே அமர அங்கே இடமில்லை.

இசைக்கலைஞர்கள் தமக்கென்று ஒலிப்பதிவுக் கூடம் வைத்துக்கொள்வது தென்னாட்டில் புதிதன்று. திருவனந்தபுரத்திலேயே கே. ஜே. யேசுதாஸ் 1980இல் தரங்கிணியைத் தொடங்கினார். ஏ. ஆர். ரகுமான் 1992இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டி அமைத்த கூடத்தையும், இளையராஜா 2021இல் சென்னையில் தமக்கென்று திறந்த கூடத்தையும் அறியாதவர் குறைவு. அவர்கள் கட்டியவை பெரும் முதலீடுகள். நான் குறிப்பிடும் இடம் ஒரு வீட்டின் பின்பகுதி. ஆனாலும் அடிப்படையான காரணம் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். வாடகைக் கூடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். சொந்தக் கூடத்தில் சரியாக வரும்வரை வாசிக்கலாம். அந்த நிதானத்தைத் தம்மிடம் வரும் மற்றவர்களுக்கும் ஓர் உரிமையாளர் தருகிறாரா என்பதைத்தான் இத்தகைய இடங்களில் முதலில் பார்க்க வேண்டும். இவர் தருகிறார். பதிவின்போது அதனால் எங்களுக்குக் கிடைத்த நன்மை பெரிது. பதிவானவற்றைச் சேர்த்துச் சமன்செய்யும் கலவையின்போது (மிக்சிங்) அதே கலைஞர் மனமே எங்களோடு மோதியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

முதலில் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைத்தளத்தில் இருப்பதும், கதவுகள் அகலமாக இருப்பதும் வில்லிசைக் குழுவுக்குப் பெரிய வசதி. வேனின் கூரையில் கட்டி வந்த வில்லைப் படியேற்றித் திருப்பும் வேலை மிச்சமாயிற்று. பாடும் அறையின் எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் சற்றே சாய்ந்திருக்கின்றன. இணையான சுவர்களுக்கு நடுவே தாழ்ந்த ஒலிகள் முன்னும் பின்னும் மோதித் தேங்கிவிடும் என்பதால், குடம் போன்ற கருவி ஓரிடத்தில் அளவுக்கு மீறி முழங்கும், இரண்டடி தள்ளினால் காணாமல் போகும். அதைச் சாய்ந்த சுவர்கள் ஓரளவே மட்டுப்படுத்தும்; பெரும்பகுதியை அடக்குவது மூலைகளில் உள்ள பஞ்சு. மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை கனத்த கனிமப் பஞ்சு அடைத்துத் துணி போர்த்தியிருக்கிறார்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று நம்பும் சிறு ஸ்டூடியோக்காரர்கள் நம் பக்கத்தில் இன்னமும் இருக்கிறார்கள். அந்த அட்டை உயர்ந்த ஒலிகளின் எதிரொலியை ஓரளவு குறைக்குமே தவிர, வெளிச் சத்தத்தையும் தடுக்காது, குடத்தின் முழக்கத்தையும் அடக்காது.

நாங்கள் போனது ஐப்பசி மழையில். சித்திரை, வைகாசி மாதங்களில் கொடைகள் அடுத்தடுத்து வருவதால் குழுவில் எல்லோரையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. ஆகவே மழைக்காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. வெளியே கொட்டிய மழை பாடும் அறைக்குள் கேட்கவே இல்லை. அறைக்குள் அறையாகக் கட்டி, இரண்டு சுவர்களுக்கிடையே காற்றிடைவெளி விட்டிருப்பதன் பயன் அது. ஆனால் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தில் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். பெருமழையில் அந்த ஓசை கட்டுப்பாட்டு அறையில் நன்றாகவே கேட்கிறது. பதிவில் அது விழாவிட்டாலும், பதிவானதை ஒலிபெருக்கியில் கேட்டு நிறைகுறை தீர்மானிப்பவர்களுக்கு இடைஞ்சல்தான். மழை விடும்வரை காத்திருக்க வேண்டிவந்த நேரத்துக்கு அவர் கட்டணம் கேட்கவில்லை.

அவர் தாளக் கலைஞர் என்பதன் பயன் மைக் வைப்பதற்கு முன்பே தெரிந்தது. குடக்காரர் புரிமணை எனும் வைக்கோல் வளையத்தின்மேல் குடத்தை இருத்தி, பத்தி எனும் தட்டையான அடிகருவியால் வாயில் நாலு அடி அடித்ததுமே, உரிமையாளர் உள்ளே வந்து, குடத்தைத் தூக்கி விரல் கணுவால் சுற்றிலும் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதில் விரிசல் இருக்கு, வேற குடம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் அது. பந்தலில் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஸ்டூடியோ மைக்கில் ஒவ்வோர் அடியின் வாலிலும் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். குடக்காரர் எப்போதும் மாற்றுக் குடம் வைத்திருப்பவர் என்பதால் பிழைத்தோம். ஒலிப்பொறியியல் படித்த ஒருவர் அந்தக் கரகரப்பை மைக்கின் கோளாறு என்றோ கேபிளின் கோளாறு என்றோ எண்ணி அரை நாளைத் தேடலில் கழித்திருக்கக்கூடும்.

உடுக்கு விஷயத்திலும் அப்படியே. ஈரக்காற்றில் உடுக்கின் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகும். ஊரில் அதைத் தீக்கங்கின் அருகே காட்டி வாட்டி இறுக்கிக்கொள்வோம். குளிரூட்டிய அறையிலோ காற்று உலர்ந்து, தோல் வாசிக்க வாசிக்க இறுகி, சுருதி மேலே ஏறிக்கொண்டே போகும். ஸ்டூடியோவுக்குள் தீ மூட்ட முடியாது என்ற கவலையோடு உடுக்குக்காரர் இருந்தபோது, உரிமையாளர் ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு பொருத்திய மேசை விளக்கை எடுத்து வைத்தார். அதன் வெப்பத்தில் தோல் பதமாயிற்று. குளிரூட்டியைப் பதிவுக்கு முன்பே நெடுநேரம் ஓடவிட்டு, பாட்டு தொடங்கும்போது நிறுத்திவிடுகிறார். குளிரூட்டியின் இரைச்சலைத் தவிர்ப்பது ஒரு காரணம் என்றால், தோல் கருவிகளின் சுருதி நடுவில் மாறக்கூடாது என்பது மற்றொரு காரணம். பாடி முடிக்கும்போது எல்லோரும் வியர்த்துப் போகிறோம் என்பது உண்மை. துண்டு கொண்டு செல்வது நல்லது.

அடுத்ததாக, எப்படிப் பதிவு செய்வது என்ற கேள்வி வந்தது. இன்றைய சினிமா முறையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்க வைத்து, டிராக் டிராக்காக அடுக்கிச் சேர்ப்பார்கள். தவறு நேர்ந்தால் ஒருவருடையதை மட்டும் மீண்டும் எடுக்கலாம் என்பது அதன் வசதி. வில்லிசைக்கு அது ஒத்துவராது. புலவர் ஒரு வரியை எங்கே நீட்டுவார், எங்கே வசனத்தில் இறங்குவார் என்பதை இடது பக்கம் பாடுபவர் அவரது முகத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறார். வில்லை அடிக்கும் வீசுகோல் உயரும் விதத்தைப் பார்த்துத்தான் குடக்காரர் நடையை மாற்றுகிறார். இதை நாங்கள் விளக்கத் தொடங்குமுன்பே, எல்லோரும் ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்து பாடுங்கள் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். எங்கள் புலவர் மூத்தவர். ஹெட்ஃபோனைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டார். உரிமையாளர், "வேண்டாம் அக்கா, கொடையில் பாடுறது மாதிரியே பாடுங்க" என்று சொல்லி, எல்லாருடைய ஹெட்ஃபோன்களையும் எடுத்து வைத்துவிட்டார். சென்னையில் வேறொரு கூடத்துக்கு முன்னர் ஒருமுறை சென்ற எங்கள் தாளக்காரருக்கு இது நம்ப முடியாத சலுகையாகத் தோன்றியது.

எல்லோரும் ஒரே அறையில் பாடினால் ஒருவரது ஓசை மற்றவர் மைக்கில் ஒழுகும். வில்லின் மணிகள் இதில் முதல் எதிரி. வில்லை அடிப்பவரும் பாடுபவரும் ஒருவரே என்பதால் தப்பிக்க வழியே இல்லை. இதற்கு உரிமையாளர் கண்ட தீர்வு எளிது. முன்பக்க ஒலியை வாங்கிப் பின்பக்க ஒலியைத் தள்ளும் கார்டியாய்டு வகை மைக்கை, புலவரின் வாய்க்கும் வில்லுக்கும் நடுவே கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து வைத்தார். மைக்கின் முதுகு வில்லைப் பார்த்ததால் மணியோசை வெகுவாகத் தணிந்தது. குடத்துக்கு, மேற்கத்திய டிரம்மின் பெரிய மத்தளத்துக்குப் பயன்படும் மைக்கை எடுத்தார். அதைக் குடத்தின் வாய்க்கு நேராக வைக்காமல், பத்தி அடிக்கும்போது வெளியே பாயும் காற்று படாதபடி, ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தார். குடத்தின்மேல் நாணயத்தால் தட்டும் ஓசைக்கு மெல்லிய பென்சில் வடிவ மைக் ஒன்று மேலே தனியாகத் தொங்கியது. இரண்டு மைக்குகளும் ஒரே ஓசையை வெவ்வேறு தூரத்திலிருந்து வாங்கினால், ஒரு மீட்டர் வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 3 மில்லி விநாடி தாமதம் ஏற்பட்டு, அவற்றைச் சேர்க்கும்போது சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்காக ஒவ்வொரு மைக்கையும் நகர்த்தி நகர்த்தி, சேர்த்துக் கேட்டு, குடத்தின் அடிவயிற்று முழக்கம் முழுமையாக வரும் இடத்தில்தான் நிறுத்தினார். மைக் வைப்பதற்கே காலைப் பொழுதின் பெரும்பகுதி கழிந்தது. பொறுமையில்லாத குழுவினர் இதை வீண்நேரம் என்று நினைக்கக்கூடும். முடிவில் எங்களிடம் இருக்கும் குடத்தின் ஓசையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மைக்குகளின் வரிசை பெரிதென்று சொல்ல முடியாது. பெரிய கூடங்களில் பெருமையாகக் காட்டப்படும் நியூமன் யூ 87 இங்கே ஒன்றே ஒன்று உண்டு. மற்றவை ஷூர் எஸ்.எம். 57 போன்ற, எல்லா மேடைகளிலும் காணக்கூடிய உழைப்பாளி மைக்குகள். எங்கள் புலவரின் குரலுக்கு அந்த விலையுயர்ந்த மைக்கை முதலில் வைத்துப் பார்த்துவிட்டு, அது மணியோசையையும் மூச்சையும் ஒரேபோல் அள்ளிக்கொள்கிறது என்று எடுத்துவிட்டு, விலை குறைந்த மேடை மைக்கையே வைத்தார். இருக்கும் விலையுயர்ந்த பொருளைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவர் என்பது எனக்குப் பிடித்தது. பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் நடந்தது. உச்ச ஒலிக்கு நிறைய இடைவெளி விட்டு அளவைக் குறைவாகவே வைத்திருந்ததால், புலவர் உச்சக் கட்டத்தில் குரலெடுத்து வில்லை ஓங்கி அடித்தபோதும் ஓசை உடையவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பதிவின்போது கருத்து வேறுபாடு வந்தது. உரிமையாளர் தாளக் கலைஞர் அல்லவா. நடை விரைவதை அவரது காது பொறுக்கவில்லை. வில்லிசையில் கதை சூடேற ஏற நடையும் ஏறும். சண்டைக் காட்சி தொடங்கிய வேகத்திலேயே முடிந்தால் கேட்பவர் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவார். வேகத்தைச் சீராகக் காட்டும் கிளிக் ஓசையை ஒலிக்கவிட்டு அதற்கேற்ப வாசித்தால் பின்னால் வெட்டி ஒட்டுவது எளிது என்று அவர் சொல்லிப் பார்த்தார்; குடக்காரர் ஒரு முறை முயன்றுவிட்டு, அந்தக் கிளிக் தமக்கு வீசுகோலை மறைக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் அதோடு விட்டுவிட்டார். கிளிக் இல்லாமல் எடுத்ததன் விலை, ஒரு பகுதியில் நேர்ந்த தவறை மட்டும் திருத்த முடியாமல், அந்தப் பகுதி முழுவதையும் மீண்டும் பாட வேண்டியிருந்தது. அதற்குத் தயாராகச் செல்பவர்களே கிளிக் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

இனி, கலவையைப் பற்றி. பதிவு முடிந்து முதல் மிக்ஸ் எங்களுக்கு வந்தபோது, அதில் இருந்தது எங்கள் பாட்டுதானா என்று ஐயுறும் அளவுக்கு மாறியிருந்தது. புலவரின் குரலைச் சுற்றிப் பெரிய மண்டபத்தின் எதிரொலி. குடத்தின் தாழ்ந்த முழக்கம் சினிமாப் பாட்டின் அடியைப்போல் பெருக்கப்பட்டிருந்தது. இடது பக்கம் பாடுபவரின் குரல் சுருதித் திருத்தும் மென்பொருளால் வழுவழுப்பாக்கப்பட்டிருந்தது. வரிகளுக்கிடையே புலவர் இழுத்துவிடும் மூச்சும், பின்பாட்டுக்காரர்களின் 'ஆமா' என்ற இசைவும் தேவையற்ற இரைச்சல் என்று கருதி அடக்கப்பட்டிருந்தன. திறமையான வேலைதான், மறுக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பியபோது, மிக நன்றாக இருப்பதாகவே அவர் சொன்னார். ஆனால் 'ஆமா' இல்லாத வில்லிசை வில்லிசையாகாது. கதை கேட்பவர்களின் பிரதிநிதியாக அந்தக் குரல் இருக்கிறது; அதை அடக்கிவிட்டால் புலவர் சுவரோடு பேசுகிறவர் ஆகிவிடுகிறார்.

இது அவரது அறியாமையால் நேர்ந்ததன்று. கானமேளாவிலும் தேவாலயப் பாடல்களிலும் பல ஆண்டுகள் உழன்ற ஒருவரின் காதுக்கு, நிறைவான ஒலி என்றால் இப்படித்தான் இருக்கும். இசையறியாத பொறியாளர் ஒருவர் நாங்கள் சொன்னதை அப்படியே செய்திருப்பார். இவருக்குத் தமக்கென்று ஒரு ரசனை இருக்கிறது, அதைத் தம்மையறியாமலே நம் பாட்டின்மேல் ஏற்றிவிடுகிறார். நேரில் சென்று அருகில் அமர்ந்து, எதிரொலியை நீக்கச் சொல்லி, திருத்தும் மென்பொருளை அணைக்கச் சொல்லி, 'ஆமா'வை முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னபோது, முகம் கோணாமல் செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கோயில் பந்தலில் நடுவரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிக் கேட்குமோ அப்படி வேண்டும் என்று சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அறையின் ஓசையை வாங்கத் தொலைவில் வைத்திருந்த இரண்டு மைக்குகளின் பதிவைக் கூட்டி, அருகிலிருந்த மைக்குகளைக் குறைத்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அங்கே செல்பவர்கள், எந்த மாதிரியான ஒலி வேண்டும் என்பதற்குத் தமக்குப் பிடித்த பழைய பதிவு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று முதல் நாளே கேட்கச் செய்தால், இந்தச் சுற்று மிச்சமாகும்.

வெளியிடுமுன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கிலும் இதே போக்கு உண்டு. மற்ற பாடல்களுக்கு ஈடாகச் சத்தமாக இருக்க வேண்டும் என்று ஒலியை நெருக்கி உயர்த்தியிருந்தார். யூடியூப் போன்ற தளங்கள் மிகச் சத்தமான பதிவுகளை ஏறத்தாழ −14 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குத் தாமே குறைத்துவிடுகின்றன என்பதால், நெருக்குவதால் பயனில்லை. மெதுவான வசனத்துக்கும் ஓங்கிய பாட்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அழிகிறது. வசனம் மெதுவாகத் தொடங்கிப் பாட்டு வெடித்து எழுவதை நம்பியே கதை நகரும் வில்லிசைக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். இதையும் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்.

கட்டணம் மணிக்கு 1,000 ரூபாய். நாள் முழுவதற்கும் எடுத்தால் 7,000 ரூபாய். மிக்சிங்குக்குத் தனிக் கட்டணம், இரண்டு திருத்தங்கள் அதில் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பணம் தர வேண்டும். மைக் வைக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், கருவிகள் அதிகம் உள்ள குழுவுக்கு இது மலிவு. குரல் மட்டும் பதிவு செய்ய வருபவருக்கு நம் ஊர்க் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதிகம். வேன் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், சென்னைக்கு ரயிலில் போய் அறை எடுத்துத் தங்குவதைவிடக் குறைவாகவே முடிந்தது.

என் கடுமையான குறை காலதாமதம். உரிமையாளர் இன்றும் மேடைகளில் வாசிப்பவர். மிக்சிங்கை வேறு யாரிடமும் ஒப்படைப்பதில்லை. கேரளத்தில் கோயில் உற்சவங்களும் பெருநாட்களும் தொடங்கிவிட்டால் இரவெல்லாம் கானமேளா, பகலெல்லாம் உறக்கம். அந்தக் காலத்தில் கூடம் பூட்டியே கிடக்கிறது. சொன்ன தேதியைப் பல வாரங்கள் தாண்டித்தான் எங்களுக்கு முதல் மிக்ஸ் வந்தது; நடுவில் தொலைபேசி எடுக்கப்படவில்லை. கொடைக்கு முன்பாக வெளியிட வேண்டும், கலை விழா விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்பது போன்ற நெருக்கடி உள்ளவர்களுக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். உதவியாளராக ஓர் இளைஞர் இருக்கிறார்; கேபிள் மாட்டுவதோடு அவரது அதிகாரம் முடிந்துவிடுகிறது.

ஒப்பந்தத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவு தொடங்குமுன் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து கேட்கிறார்கள். அதில், பதிவின் பகுதிகளைக் கூடத்தின் விளம்பரத்துக்கும் ஒலித் தொகுப்புகளுக்கும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தருவதாக ஒரு வரி இருந்தது. ஒலித் தொகுப்பு என்றால் என்ன என்று விசாரித்ததில், குடத்தின் தனித்தனி அடிகளைச் சேமித்து, பின்னர் கீபோர்டில் ஏற்றி வேறு பாடல்களில் வாசிப்பதற்கு என்று தெரிந்தது. குடக்காரர் யோசித்துவிட்டு, அதற்குச் சம்மதமில்லை என்றார். உரிமையாளர் அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ஒப்பமும் இட்டுக் கொடுத்தார். கேட்காதவர்களுக்கு அந்த வரி அப்படியே இருந்துவிடும் என்பதால் இதை எழுதுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை, அதைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்ட தயாரிப்பாளருக்கு உரியது. கூடத்தை வாடகைக்கு விடுவதால் மட்டும் ஒருவர் தயாரிப்பாளர் ஆகிவிடுவதில்லை. ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். பாடியவர், வாசித்தவர் ஆகியோரின் கலைஞர் உரிமை, நிகழ்த்திய ஆண்டை அடுத்து 50 ஆண்டுகள். செலவு செய்வது குழுவா, கோயில் நிர்வாகமா, வெளிநாட்டில் உள்ள ஊர்க்காரரா என்பதைக் கிளம்புமுன்பே எழுத்தில் முடிவு செய்துகொண்டால், பிற்பாடு யூடியூப் வருமானம் வரும்போது மனக்கசப்பு இராது.

மற்ற வசதிகளில் பேச அதிகம் இல்லை. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. பெண் கலைஞர்களுக்குத் தனி ஓய்வறை உண்டு. தரையில் உட்கார்ந்து பாடுபவர்களுக்குக் கனத்த பாய் விரித்திருக்கிறார்கள். வேன் நிறுத்த இடம் குறைவு. சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலைக்கு நடந்து வர வேண்டும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் கணினியையும் கருவிகளையும் தாங்கும், குளிரூட்டியைத் தாங்காது. உரிமையாளருக்கு நம் பக்கத்துப் பேச்சு நன்றாகத் தெரியும் என்பதால் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. களியக்காவிளை வழியாகச் செல்பவர்கள் நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் காலை நெரிசலில் சிக்காமல் விடியுமுன் கடந்துவிடுவது நல்லது. திரும்பும்போது கடைசிப் பேருந்தை நம்ப வேண்டாம். பதிவு சொன்ன நேரத்துக்கு முடிவதேயில்லை.

வில்லிசை, களியல், நாகசுரம், தேவாலயப் பாடகர் குழு என்று பலர் ஒன்றாக உட்கார்ந்து இசைக்கும் எதற்கும் இந்தக் கூடத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். கீபோர்டு இசைமேல் தனிக்குரல் பாட நினைப்பவர்களுக்கு நாகர்கோவிலே போதும்.

கோப்புகளை அவர் தம் கணினியில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. இடம் போதாமல் அழித்துவிடுகிறார். கலந்து முடித்த ஒரே கோப்பை மட்டும் பென் டிரைவில் வாங்கி வந்துவிட்டால், பிற்பாடு 'ஆமா'வைக் கூட்டவோ குடத்தைக் குறைக்கவோ வழியிருக்காது. ஒவ்வொரு மைக்கின் பதிவையும் தனித்தனிக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள்; கட்டணம் இல்லாமலே தருகிறார். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பத்து மைக்குகளில் ஒரு மணி நேரம் பாடினால் ஏறத்தாழ 5 ஜி.பி. வரும், தவறிய முயற்சிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் கொண்டுபோய், ஒன்றைக் குழுவிடமும் மற்றொன்றைக் கோயில் நிர்வாகத்திடமும் கொடுத்து வைக்கலாம்.